தாய் டியூபில் மிச்சம்

ஜூன் 9, திங்கள்

தவமணிக்குக் காலை மாத்திரை ஏழு. எட்டரைக்கு விழுங்கினாள். ஒன்பதே காலுக்கு ஒன்று வெளியே வந்துவிட்டது. எது என்று தெரியவில்லை, கரைந்து போயிருந்தது.

ஸ்டெல்லா சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்து, "கூட இருக்கிறவங்கதான் எழுதணும் பாட்டி. மாத்திரை, சாப்பாடு, சளி, காய்ச்சல், எல்லாம்" என்றாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், விஷயம் கோணாது. ஒச்சம்மாள் சொன்னால் தேதி மாறாது என்று செல்லூரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தவமணி என் ஒரே மகள். வயது நாற்பத்து நான்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த நெஞ்சுச்சளி நோய், டி.பி., திரும்ப வந்திருக்கிறது. இந்தத் தடவை மருந்துக்கு மசியாத ஜாதியாம். தனி வார்டில் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை மாத்திரைக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த தடியன் கெட்டுப்போன மாத்திரையைக் கொடுத்திருப்பான். வலது புருவத்தில் மச்சம் உள்ளவன். இப்போது பார்த்தாலும் அடையாளம் காட்டுவேன்.

ஜூன் 11, புதன்

ஏழும் தங்கின. அரை இட்லி. சளியில் ரத்தம் நூல் மாதிரி.

ஜூன் 14, சனி

பேத்தி வதனி ஹாஸ்டலில் இருந்து வந்தாள். மதிவதனி என்று பெயர் வைத்தது நான். அவள் அப்பன் வீட்டார் வேறு ஏதோ வைக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. பெரிய படிப்பு படிக்கிறாள். கிருமியைக் கம்ப்யூட்டருக்குள் வளர்க்கிற படிப்பு. அவள் படிப்பது நான் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த அதே ஆராய்ச்சிக்கூடக் கட்டடம்தான். இப்போது பெயர்ப்பலகையும் பெயின்டும் மாறியிருக்கின்றன.

தவமணி தலையணையில் சாய்ந்துகொண்டு, "அம்மாச்சிக்குப் புரியற மாதிரி சொல்லுடி உன் வேலையை" என்றாள். எனக்காகக் கேட்ட மாதிரி கேட்டாள். அவளுக்குத்தான் கேட்கணும்.

"கிருமி ஒண்ணு ரெண்டாகணும்னா அதுக்கு என்னென்ன வேணும்னு ஒரு பட்டியல் போடுறோம்மா. எதை எதுவா மாத்துது, எங்க இருந்து எடுக்குது, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எழுதுவோம். அப்புறம் ஒண்ணொண்ணா அடிச்சுப் பார்ப்போம். இது இல்லாட்டி வளருமா, நிக்குமா?"

"சோறு, தண்ணி மாதிரியா?" என்றேன்.

"அது பெருசு பெருசா வேணும்கிறது அம்மாச்சி. நான் பார்க்கிறது துளியூண்டு வேணும்கிற சாமான். கொத்தனார் கரண்டி மாதிரி. செவுத்துக்குள்ள கரண்டி போகாது. ஆனா கரண்டி இல்லாம செவுரு எழும்பாது."

"அந்தக் கரண்டியைப் பிடுங்கிட்டா?"

"கிருமி நின்னுடும். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது."

"அப்ப எனக்குள்ளே இருக்கிறதுகிட்ட இருந்து பிடுங்கு ஆத்தா" என்றாள் தவமணி. மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பு இருமலாகிக் கிண்ணத்தில் முடிந்தது. வதனி கிண்ணத்தைக் கழுவினாள், அம்மாவுக்குத் தலை வாரினாள், நெற்றியில் திருநீறு வைத்தாள்.

சீக்கிரம் அந்தப் பட்டியலை முடிக்கட்டும். மருந்து வரும்.

ஜூன் 17, செவ்வாய்

பெரிய டாக்டர் வந்தார். பழைய சீட்டை எங்கிருந்தோ வரவழைத்திருக்கிறார். அதில் 'சிகிச்சை முழுமையாக முடிந்தது' என்று சீல் இருந்தது.

"போன தடவை ஆறு மாசமும் விடாம சாப்பிட்டீங்களா?" என்று தவமணியைக் கேட்டார்.

"சிஸ்டர் போதும்னு சொன்ன வரைக்கும் சாப்பிட்டேன் சார்."

"ஆறு மாசம்தான் சார்" என்றேன் நான்.

"எந்த மாசம் ஆரம்பிச்சு எந்த மாசம் முடிச்சாங்க பாட்டி?"

எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

தவமணி திரும்பி என்னைப் பார்த்தாள். "எம்மா, உனக்கா? நீ எமன்கிட்டயே எந்தக் கிழமை வந்தேன்னு சண்டை போடுவியே."

டாக்டர் சீட்டை மடித்தார். ஆறு மாசமும் ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமானவருக்கு இப்படி மசியாத கிருமி வந்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து புதிதாக ஒட்டியதாகத்தான் இருக்கும் என்றார். வீட்டில் யாராவது இந்தக் கிருமி புழங்குகிற இடத்தில் வேலை பார்க்கிறார்களா என்று கேட்டார்.

வதனி இன்று பார்த்துத்தான் லீவு போட்டு வந்திருந்தாள். கதவோரம் நின்றவள், "நான்" என்றாள்.

ஜூன் 18, புதன்

மாத்திரை ஏழு. கஞ்சி ஒரு டம்ளர். விரல் நுனி மரத்திருக்கிறது என்கிறாள்.

ஜூன் 21, சனி

வதனி உள்ளே வரவில்லை. வராண்டா ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

அவள் புழங்குகிற கிருமி இந்த நோயின் கிருமியே இல்லையாம். அதற்குச் சித்தி மகன் மாதிரி ஒன்று, ஆளை ஒன்றும் செய்யாது, மூன்று நாளில் வளர்ந்துவிடும், அதனால் அதை வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அதே மாடியில் நிஜக் கிருமி வைத்திருக்கிற அறை ஒன்று உண்டு. தை மாசம் ஒரு நாள் அளவெடுக்க உள்ளே போனாளாம். காற்றை உறிஞ்சுகிற மிஷின் அன்றைக்குப் பார்த்து நின்றுவிட்டதாம். பதினைந்து நிமிஷம்.

"அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்கு இருமல் இருந்துச்சே அம்மாச்சி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா பக்கத்துல படுத்திருந்தேனே."

"எக்ஸ்ரே சுத்தம்னுதானே சொன்னாங்க?"

"ரத்தத்துல இருக்கு. உள்ளே தூங்குதாம்."

ஊரில் பாதிப் பேருக்கு உள்ளே தூங்குவதுதான், சிஸ்டரே சொல்லியிருக்கிறாள் என்றேன். அவள் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைக்கூடத் தொடாமல் நின்றாள்.

உள்ளே வராமல் இருப்பதும் நல்லதுதான். சின்னப் பெண். தொற்றாமல் இருக்கட்டும்.

ஜூன் 27, வெள்ளி

மாத்திரை ஆறு. ஒன்றை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், கண் மங்குகிறதாம். எடை முப்பத்தாறு. போன மாதம் முப்பத்தொன்பது.

தவமணி தூங்கும்போது சும்மா உட்கார்ந்தால், நான் வேலை பார்த்த இடத்துப் பெரிய மேடம் பத்மாசனி ஞாபகம் வருகிறாள். 1993 நவம்பர் 22, திங்கட்கிழமை, காலை பதினொன்று. ஆராய்ச்சிக்கூடத்தில் அத்தனை பேர் நடுவில், "ஒச்சம்மா, உனக்கு டியூப் கழுவத் தெரியலை. உன் சோப்பு என் கிருமியைக் கொன்னுடுச்சு" என்றாள். ஒரு டியூபுக்கு ஏழு தண்ணீர் ஊற்றி அலசுகிறவள் நான். கடைசித் தண்ணீர் காய்ச்சி வடித்த தண்ணீர். வாயில் வைத்துப் பார்த்தாலும் சோப்பு இருக்காது. மறுநாளே என்னைக் கக்கூஸ் கழுவப் போட்டாள். பதினெட்டு வருஷம் அதுதான் என் வேலை. அவள் ரிடையர் ஆன அன்று லட்டு கொடுத்தார்கள். வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன், அவள் பார்க்கும்படி.

ஜூலை 5, சனி

வதனி ஜன்னலில். முகம் செத்திருந்தது.

அவளோடு வேலை பார்க்கிற ஜெபராஜ் என்கிற பையன் கிருமியிடமிருந்து ஒரு கரண்டியை நிஜமாகவே பிடுங்கிவிட்டானாம். பயோட்டின் என்று பெயர். அதைச் செய்கிற சக்தியையே வெட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் செத்துவிடும் என்றது. டியூபில் கலங்கலாக வளர்ந்து நிற்கிறது. அவள் பட்டியலே தப்பு என்று புரொபசர் சொல்லிவிட்டார். அதே கட்டடத்தில் எழுதின பழைய கட்டுரை ஒன்றும் அந்தச் சத்து கிருமிக்கு வேண்டியதே இல்லை என்கிறதாம்.

"எழுதினது யாரு?" என்றேன்.

"யாரோ பத்மாசனின்னு."

"அந்த டியூபு எல்லாம் கழுவினது நான்டி" என்றேன்.

"அம்மாச்சி, இப்ப அந்தக் கதை வேண்டாம்."

"கதை இல்லை, கேளு. தாய் டியூபுல இருந்து ஒரு சொட்டு எடுத்துப் புது டியூபுல விடுவா. அது வளர்ந்ததும் அதுல இருந்து ஒரு சொட்டு அடுத்ததுல. அப்படி ஆறு. கழுவ என்கிட்டத்தானே வரும்? முதல் நாலும் மோர் மாதிரி கலங்கி வந்துச்சு. அஞ்சாவது அரிசி களைஞ்ச ரெண்டாம் தண்ணி மாதிரி. ஆறாவது பளிங்கு. அந்த ஆறாவதுக்குத்தான் என் சோப்புன்னு சொன்னா. மூணு தடவை அதே மாதிரி செஞ்சா, மூணு தடவையும் ஆறாவதுதான். என் சோப்பு ஆறாவது டியூபுல மட்டும் போய் உக்காருமா?"

வதனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து நாளில் முதல் தடவை.

"ஜெபராஜ் எத்தனை டியூபு பார்த்தான்?" என்று கேட்டேன்.

"ரெண்டு" என்றாள்.

தவமணி கட்டிலில் கண்ணை மூடியபடியே, "எம்மா கோவத்துக்கும் ஒரு உபயோகம் வந்துருச்சு" என்றாள்.

ஜூலை 12, சனி

எடை முப்பத்தைந்து. இரண்டு வாய் ரசஞ்சோறு. ரத்தம் கிண்ண மூடிக்கு அரை.

ஜெபராஜ் நான் சொன்ன மாதிரியே ஆரம்பித்துவிட்டான். மூன்று நாளைக்கு ஒரு டியூப். வதனி விளக்கினாள். தாய்க் கிருமியிடம் கரண்டி நிறைய இருந்திருக்கிறது. அது பிரியும்போது பிள்ளைக்குப் பாதி. பிள்ளைகள் சொந்தமாகச் செய்ய முடியாவிட்டாலும், தாய் விட்ட மிச்சத்தை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டும். பேத்திக்குக் கால், கொள்ளுப்பேத்திக்கு அரைக்கால். ஒரு தலைமுறையில் யாருக்கும் ஒன்றும் இருக்காது.

"உன் கம்ப்யூட்டருக்கு இது தெரியாதா?"

"அதுக்கு மிச்சம்னு ஒண்ணு கிடையாது அம்மாச்சி. இல்லைன்னா இல்லை. கணக்கு பொய் சொல்லாது. கணக்கும் நிஜமும் ஒத்துப்போகலைன்னா, நாம அதுக்குச் சொன்னதுல எங்கேயோ தப்பு இருக்குன்னு அர்த்தம். சொன்னவங்களைத்தான் திரும்பப் போய்க் கேக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. தவமணிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது தவமணி ஜன்னலைப் பார்த்து, "உள்ள வாடி, ஒரு தரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வதனி தலையை ஆட்டினாள். "வேண்டாம்மா. கொண்டு வந்து கொடுத்ததே போதும்."

தவமணிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போர்வையை உதறி மடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

மாத்திரை ஐந்து. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

என் வீட்டுக்காரருக்கு எள்ளுத் தண்ணீர் விடவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுப் போக முடியவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மருந்துக்கும் கிருமி மசியவில்லை என்றார். இன்னும் ஒன்று இருக்கிறது, வெளியிலிருந்து வரவேண்டும், எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார். எத்தனை நாள் ஆகும் என்றேன். சொல்ல முடியாது என்றார்.

தவமணியிடம், மருந்து நன்றாக வேலை செய்கிறதாம் என்று சொன்னேன்.

ஜூலை 26, சனி

ஆறாவது டியூப் தெளிந்துவிட்டது!

வதனி போனில் படம் காட்டினாள், ஜன்னல் வழியாகவே. ஆறு டியூப் வரிசையாக. நாலு மோர், ஒன்று அரிசித் தண்ணீர், ஒன்று பளிங்கு. அப்படியே நான் கழுவின வரிசை. அந்தக் கடைசி டியூபில் பயோட்டினைத் துளி விட்டால் மறுபடி கலங்குகிறதாம். ஆக, சோப்பு இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கழித்து ஒச்சம்மாள் கையில் சோப்பு இல்லை.

"பத்மாசனி உயிரோட இருக்காளா?" என்றேன்.

"தெரியலை. எதுக்கு?"

"ஒரு கடுதாசி எழுதணும்."

வதனி சிரித்தாள். வெகு நாள் கழித்துச் சிரித்தாள். பட்டியல் சரிதான் என்று புரொபசரே ஒப்புக்கொண்டாராம்.

"அப்ப மருந்து?" என்றேன். "கரண்டி எதுன்னு தெரிஞ்சுபோச்சே. அதைப் பிடுங்குற மாத்திரை எப்ப வரும்?"

அவள் சிரிப்பு நின்றது. தவமணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரலை இறக்கி, "பதினஞ்சு வருஷம் ஆகும் அம்மாச்சி. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். இது சித்தி மகன் கிருமி. அம்மாவுக்குன்னு நான் எப்பவுமே சொல்லலையே" என்றாள்.

சொல்லவில்லைதான். நானாக நினைத்துக்கொண்டேன். தவமணி நினைக்கவில்லை போலிருக்கிறது. அவள் படத்தை மறுபடி காட்டச் சொல்லி, "அழகா இருக்குடி" என்றாள்.

ஜூலை 30, புதன்

எடை பார்க்க எழுந்து நிற்க முடியவில்லை.

ஜூலை 31, வியாழன்

பகல் இரண்டு பத்துக்கு இருமல் பிடித்தது. ரத்தம் மூடியில் இல்லை, கிண்ணத்தில் இல்லை, வாளியில் பிடித்தோம். ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தவமணி ஜன்னலைப் பார்த்துக் கையை நீட்டினாள். வதனி வெளியே நின்று, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாளே தவிர வரவில்லை. வாசலுக்கு நாலு எட்டு. நான் அவளைப் பார்த்தேன். சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

இரண்டு நாற்பதுக்கு மூச்சு அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதவேண்டிய மாத்திரை இல்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சிஸ்டர், "நீங்களே வச்சுக்கங்க பாட்டி" என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பதினாறு முடிந்தது. மேலூரிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒருவரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

வந்தவர்கள் போனதும் வதனி ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். இங்கிலீஷில் அடித்திருந்தது. என்ன என்றேன்.

"படிப்பை விடுறேன்னு எழுதியிருக்கேன். நாளைக்குக் கொடுக்கப் போறேன்."

"உன் பட்டியல் சரின்னு சொன்னாங்களே!"

"எங்க அம்மாவைக் கொன்னுட்டு எதுக்கு அம்மாச்சி பட்டியல்? அந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்க முடியலை. அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான் கண்ணுக்குள்ள நிக்குது."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"நீ கொண்டு வரலை. அது உள்ளேயே இருந்துச்சு. உங்கம்மா ஆறு மாசம் சாப்பிடலை. நாலு மாசம்தான். நான் நிறுத்தினேன்."

நிறுத்தாமல் மிச்சத்தையும் சொன்னேன். உங்க அப்பன் விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷம் கழிச்சு, அவனைப் பெத்த மேலூர்க்காரி உங்கம்மாவைத் திரும்ப அழைச்சுக்கிட்டுப் போறேன்னு ஆள் விட்டிருந்தா. அவளைப் பார்க்க அந்த வீட்டு ஆளுங்க வாராவாரம் வருவாங்க, மாத்திரை அட்டையைப் பார்த்தா நோயாளின்னு விட்டுட்டுப் போயிருவாங்க. இவளுக்கும் இருமல் நின்னு ரெண்டு மாசம் ஆச்சு, கன்னத்துல சதை வச்சிருந்துச்சு. சரியாப்போச்சுன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில் கேட்பாங்களேன்னு, மாத்திரையை ஒவ்வொண்ணாப் பிதுக்கி வாய்க்கால்ல போட்டுட்டு, காலி அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் முடிஞ்சதுன்னு சீல் போட்டாங்க. கவுன்டர்க்காரன் ஒண்ணும் கெட்ட மாத்திரை கொடுக்கலை. மேலூர்க்காரியும் ஆடி கழிச்சு வரேன்னுட்டு வரவே இல்லை.

வதனி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"டாக்டர் கேட்ட அன்னைக்குச் சொல்லியிருந்தா அம்மா பிழைச்சிருக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா நான் உள்ளே வந்திருப்பேன் அம்மாச்சி. நாப்பது நாள் உள்ளே வந்திருப்பேன். கையை நீட்டினாங்களே."

ஏசுவாள் என்று இருந்தேன். ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவள் மேஜையில் இருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல தப்பா இருக்கு. மாத்தணும். இந்த வீட்ல யாருக்காவது நோய் வந்தா அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பாங்க. சொல்லு."

சொன்னேன். ஆரம்பித்தது 2017 பிப்ரவரி 6, திங்கள். நூற்றுப்பன்னிரண்டு நாள் சாப்பிட்டாள். கடைசி மாத்திரை மே 28, ஞாயிறு, காலை. மிச்சம் ஐம்பத்தாறு நாள், ஆறு அட்டை, நூற்று அறுபத்தெட்டு மாத்திரை. எல்லாம் செல்லூர் வாய்க்காலில், பாலத்துக்குக் கிழக்கே, படிக்கட்டு ஓரம்.

"அம்மா கேக்கலையா, ஏன் நிறுத்தணும்னு?"

"ஒரு தரம் கேட்டா."

"என்ன சொன்ன?"

"சிஸ்டர் போதும்னுட்டான்னு சொன்னேன்."

அதையும் எழுதினாள். எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தாள்.